பச்சை விளக்குக் காட்டிய பெட்டி வண்டி

யுத்த காலத்து வண்டி வீடுகளுள் உலகப் புகழ் பெற்றவை மூன்று உண்டு. மூன்றும் பிரித்தானியத் தளபதி மொண்ட்கொமறிக்கு உரியவை. அவற்றுள் ஒன்றை அவர் தமது காரியாலயமாகக் கொண்டிருந்தார். 1941ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவிலே சிறைப்பட்ட இத்தாலியத் தளபதி பெர்கொன்ஸோலியிடமிருந்து கைப்பற்றப்பட்ட வண்டி அது. மற்றொன்று அவர் துயில் கொண்ட வண்டி. 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் தூனிசியாவிலே மெஸ்ஸே என்னும் இன்னோர் இத்தாலியத் தளபதி சரணடைந்தபோது அகப்பட்டது. மூன்றாவது வண்டி யுத்த களத்துத் தேசப்படங்களை மாட்டி வைத்து ஆலோசிப்பதற்கென ஏற்பட்டது. இம்மூன்றும் இங்கிலாந்தில் டக்ஸ்போர்ட் என்னும் இடத்திலுள்ள நூதனசாலையிலே பக்குவமாகப் பேணப்பட்டிருக்கின்றன. எந்த வண்டி எவரிடமிருந்து எந்த ஆண்டில் வந்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லை.

நாம் இவ்வாரம் எழுத எடுத்துக்கொண்டது அந்த மூன்று வண்டிகளைப் பற்றியன்று. அதே யுத்தத்தில், அதே இங்கிலாந்தில், ஒவ்வொரு விமானத்தளத்தின் ஓடுபாதை முனையிலும் நின்ற வேறொரு வகை வண்டியைப் பற்றியது. அதற்குத் தளபதியும் இல்லை, பெயரும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போலக் கட்டமிட்டு நிறந்தீட்டப்பட்ட ஒரு பெட்டி. அதன் கீழ்ச் சில்லுகள். கூரையிலே ஒரு கண்ணாடிக் குமிழ். ஆங்கிலத்திலே கரவன் என்று சொல்லப்படுவது இதுதான். தனக்கென இயந்திரமில்லாமல் உழவு இயந்திரத்தின் பின்னோ லொறியின் பின்னோ கட்டி இழுக்கப்படும் வண்டி. இத்தகைய வண்டிகளில் இன்று எஞ்சியிருப்பவை எவை என்று தேடுவதையே தம் ஓய்வு காலத்தொழிலாக மேற்கொண்ட அன்பர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். கேட்டவுடன் நகைப்புக்கிடமாகத் தோன்றும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. விஷயத்துள் நுழைந்து பார்த்தபின் நகைப்பு அடங்கிவிட்டது.

விமானத்தளத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்று இருக்கும்போது, சில்லு வைத்த பெட்டி எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். விடை காற்றில் இருக்கிறது. பட்டம் ஏற்றப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது கடினமன்று. காற்றுக்கு எதிர்முகமாக ஓடினால்தான் பட்டம் எழும்பும். ஆகாய விமானமும் அப்படியே. ஒரு விமானம் மேலெழும்புவதற்கு மணிக்கு 100 மைல் வேகத்தில் காற்று அதன் சிறகின்மேற் பாயவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 20 மைல் வேகத்தில் வீசினால், விமானம் நிலத்தில் 80 மைல் வேகம் ஓடினாற் போதும். அதே காற்று பின்புறமாக வீசினால் 120 மைல் வேகம் ஓடியாகவேண்டும். குண்டும் எண்ணெயும் நிறைத்த லங்காஸ்டர் விமானம் ஏறக்குறைய 30 தொன் நிறையுள்ளது. அத்தகைய விமானத்துக்கு இந்த 40 மைல் வித்தியாசம் உயிருக்கும் மரணத்துக்குமுள்ள வித்தியாசமாகும்.

ஆகவேதான் 1942ஆம் ஆண்டுக்குப் பின் அமைக்கப்பட்ட குண்டுவீச்சுத் தளங்களிலே மூன்று ஓடுபாதைகளை ஒன்றையொன்று வெட்டும்படி இட்டார்கள். பிரதான பாதை 2000 யார் நீளம். ஏனைய இரண்டும் 1400 யார் நீளம். அகலம் 50 யார். மேலிருந்து பார்த்தால் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்துப் போலத் தெரியும். மூன்று பாதைகளுக்கு ஆறு முனைகள். இன்று தென்மேற்குக் காற்றென்றால் ஒரு முனையிலிருந்து புறப்பாடு. நாளை காற்றுத் திரும்பினால் வேறொரு முனை. கோபுரமோ செங்கல்லாற் கட்டப்பட்டது. நின்ற இடத்தில் நிற்கும். அதன் மேன்மாடத்திலிருந்து பார்க்கும் உத்தியோகத்தருக்கு முக்கால் மைல், ஒரு மைல் தூரத்தில் மாலை மங்கலில் நிற்கும் விமானத்தின் சில்லு எப்படித் தெரியும்? ஆதலாற் கோபுரத்தின் கண்ணும் கையும் ஆறு முனைகளுக்கும் நடமாட வேண்டியிருந்தது. அந்த நடமாடும் கண்தான் இந்தப் பெட்டி வண்டி. காற்று மாறும்போது உழவு இயந்திரம் ஒன்று வரும். பெட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அடுத்த முனையில் நிறுத்தும். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அலங்காரத்துக்காகத் தீட்டப்பட்டவையல்ல. ஓடுபாதையோரமாக நிற்கும் எந்தப் பொருளும் விமானியின் கண்ணுக்கு எட்டத்திலேயே தெரியவேண்டும் என்பதே காரணம்.

உள்ளே என்ன இருந்தது? கோபுரத்தோடு பேசுவதற்கு ஒரு தொலைபேசி. நிறவொளிக் குண்டுகளைச் சுடும் வெரித் துப்பாக்கி. எல்லாவற்றிலும் முக்கியமாக அல்டிஸ் விளக்கு. இது கையிலே துப்பாக்கி போலப் பிடித்துக் குறி பார்த்து ஒளியைச் செலுத்தும் விளக்கு. குறி வைக்கப்பட்ட விமானத்துக்கு மட்டும் ஒளி நன்கு தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவது அரிது. பச்சை காட்டினாற் புறப்படலாம். சிவப்புக் காட்டினால் நிற்கவேண்டும். றேடியோ இருக்கையில் விளக்கு எதற்கு என்று கேட்கலாம். றேடியோவிற் பேசினாற் கடலுக்கப்பால் ஜேர்மானியரும் கேட்பார்கள். இன்றிரவு எத்தனை விமானங்கள் கிளம்புகின்றன என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பதாக முடியும். ஆகவே புறப்பாட்டு நேரத்தில் தளம் முழுவதும் மௌனம் அனுட்டித்தது. அந்த மௌனத்திலே பேசியது பச்சை விளக்கு ஒன்றுதான்.

கூரையிலிருந்த கண்ணாடிக் குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறிவதற்காக விமானங்களின் முதுகிலே பெர்ஸ்பெக்ஸ் என்னும் பொருளாலான குமிழ் ஒன்று பொருத்தப்படுவதுண்டு. அத்தகைய குமிழையே பல தளங்களில் வண்டியின் கூரையிலும் பொருத்தினார்கள். மழையிலும் குளிரிலும் தலையை வெளியே நீட்டாமல் நாற்றிசையும் பார்ப்பதற்கு அது உதவியது. கிழக்கு இங்கிலாந்திலே தங்கியிருந்த அமெரிக்கர்கள் ஒருபடி மேலே போனார்கள். பறக்கும் கோட்டை என்னும் தமது விமானத்தின் மூக்குக் கண்ணாடியையே கொண்டுவந்து கூரையிற் கவிழ்த்தார்கள். தட்டுப்பாட்டுக் காலத்திலே கைக்கு அகப்பட்டதைக் கொண்டு காரியம் பார்க்கும் திறமை நம்மவர்க்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தோம், அது தவறு.

இனி, ஒரு மாலைப் பொழுது.

லிங்கன்ஷயரில் ஒரு தளம். விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுவீதி வழியே ஊர்ந்து வந்து ஓடுபாதை முனையிற் காத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏழு பேர். பெரும்பாலானோர் இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள். பெட்டி வண்டியின் அருகே சிறு கூட்டம் ஒன்று நிற்கிறது. சமையற்காரர், இயந்திரம் பழுது பார்ப்போர், பெண்கள் படைப்பிரிவைச் சேர்ந்த எழுதுவினைஞர்கள், சில வேளைகளில் தளத்தின் அதிபதி, சில வேளைகளிற் குருவானவர். எவரும் கட்டளையிட்டு அவர்கள் அங்கு வரவில்லை. வழியனுப்ப வந்தவர்கள். வண்டியிலிருந்து பச்சை ஒளி தெரிகிறது. இயந்திரங்கள் நான்கும் முழங்க விமானம் ஓடத் தொடங்குகிறது. கூட்டத்தினர் கையசைக்கிறார்கள். விமானத்திலுள்ளவர்களும் கையசைக்கிறார்கள். அடுத்த விமானம் முனைக்கு வருகிறது. மறுபடியும் பச்சை.

பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையிலே யுத்த காலத்திற் பறந்தோர் ஏறத்தாழ 125,000 பேர். அவர்களுள் 55,573 பேர் மாண்டனர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. அவர்களிற் பலருக்குத் தளத்தை விட்டுப் புறப்படுகையில் விடை கொடுத்தது அந்தப் பெட்டி வண்டியின் பச்சை ஒளியே. 1943ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி மாலை ஜேர்மானிய அணைகளைத் தகர்ப்பதற்காக ஸ்காம்ப்டன் தளத்திலிருந்து 19 லங்காஸ்டர் விமானங்கள் 133 பேரோடு கிளம்பியபோதும் பச்சை விளக்கே விடை கொடுத்தது. அக்காலத்தில் ஸ்காம்ப்டன் புற்றரைத் தளம். சீமேந்துப் பாதை பிற்பாடு வந்ததே. அன்றிரவு சென்றவர்களில் 56 பேர் மீளவில்லை. அவர்களுள் மூவர் மட்டும் சிறைப்பட்டு உயிர் தப்பினர். அத்தாக்குதலாற் கீழே வெள்ளத்தில் அகப்பட்டு மாண்டவர்களின் தொகை இதனினும் பன்மடங்கு. அவர்களிற் பலர் ஜேர்மானியராற் பலவந்தமாக வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அந்நியநாட்டவர் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். விளக்குக் காட்டியவர் இவற்றில் எதனையும் தீர்மானிக்கவில்லை. பாதை வெறுமையாக இருக்கிறதா, இன்னொரு விமானம் இறங்குகிறதா என்று பார்ப்பது மாத்திரமே அவருடைய பொறுப்பு.

விடியற்புறத்திலே அவருக்கு வேறு வேலை. திரும்பி வரும் விமானங்கள் சரியாக இறங்குகின்றனவா என்று குமிழினூடாகப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். எட்டு மணி நேரம் பறந்து களைத்த விமானி சில்லுகளை இறக்க மறந்துவிடுவதுண்டு. குண்டடி பட்டதனாற் சில்லு ஒன்று மாத்திரம் இறங்காமற் போவதும் உண்டு. விமானிக்குத் தன் வயிற்றின் கீழ் நடப்பது தெரியாது. ஓடுபாதை முனையில் நிற்பவருக்குத் தெரியும். கண்ட கணத்தில் வெரித் துப்பாக்கியை உயர்த்திச் சிவப்புக் குண்டைச் சுடுவார். விமானம் இறங்காமல் மேலே கிளம்பிவிடும். இவ்வாறு எத்தனை உயிர்கள் தப்பின என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. நடந்த விபத்துக்குத்தான் அறிக்கை எழுதுவார்கள். நடவாத விபத்துக்கு எவர் எழுதுவார்?

இங்கேதான் ஆராய்ச்சியாளரின் துன்பம் தொடங்குகிறது.

1942ஆம் ஆண்டில் வேலை உச்சத்திலிருந்தபோது மூன்று நாளைக்கு ஒரு தளம் வீதம் பிரித்தானியாவிற் புதிதாகத் திறக்கப்பட்டது. தளம் ஒன்றுக்கு ஒரு வண்டி என்று வைத்தாலும் வண்டிகள் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கவேண்டும். யுத்தம் முடிந்ததும் அவை எங்கே போயின? கோபுரங்களிற் பல இன்னும் நிற்கின்றன. கூரை விழுந்தாலும் சுவர் நிற்கும். வண்டியோ மரச் சட்டமும் மெல்லிய பலகையும். அன்றியும் அது பயன்படக்கூடிய பொருள். 1946ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வீடுகளுக்கு எவ்வளவு பஞ்சம் என்றால், கைவிடப்பட்ட படை முகாம்களுக்குள் மக்கள் தாமாகவே குடிபுகுந்தார்கள். அவ்வருடம் ஒக்டோபர் மாதக் கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட முகாம்களிலே நாற்பதினாயிரம் பேரளவில் இவ்வாறு வாழ்ந்தனர். தகரக் கொட்டிலுக்குள்ளே பிள்ளை குட்டிகளோடு குடியிருந்த காலத்தில், கதவும் கூரையும் சில்லுமுள்ள ஒரு பெட்டியை எவர் விட்டுவைப்பார்? கமக்காரருக்கு அது கோழி வளர்க்கும் கொட்டிலாகலாம். வீதி வேலைக்காரருக்குத் தேநீர்க் கொட்டிலாகலாம். பலகை உக்கினால் அடிச்சட்டம் வைக்கோல் வண்டியாகும். அழிவு என்று இதனைச் சொல்லமுடியாது. பொருள் தன் கடமை முடிந்தபின் ஊராருக்கு உபகரித்துக் கரைந்து போயிற்று. ஆயினும் வரலாறு எழுதுவோனுக்கு நட்டம் நட்டமே.

பத்திரங்களைத் தேடலாமே என்றால், அவையும் கைகொடுப்பது அரிது. லண்டனில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஒவ்வொரு விமானப்படைத் தளத்தின் நாட்குறிப்பும் உண்டு. விமானப்படைப் பத்திரங்களுக்குரிய தொகுதிகளுள் 27ஆம் இலக்கத்தின்கீழ் விமான அணிகளின் குறிப்புக்கள். 28ஆம் இலக்கத்தின்கீழ்த் தளங்களின் குறிப்புக்கள். எத்தனை விமானங்கள் போயின, எத்தனை மீண்டன, எந்தப் பெரிய மனிதர் வந்து பார்வையிட்டார், காற்பந்தாட்டத்தில் எந்த அணி வென்றது என்பனவெல்லாம் அங்கே கிடைக்கும். ஓடுபாதை முனையிலிருந்த பெட்டி வண்டியைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றவில்லை. தினந்தோறும் கண்ணுக்கு முன்னே நிற்கும் பொருளை எழுதி வைப்பார் யார்? நம் பாட்டன்மார் வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுதி வைத்தார்களா?

தளத்தின் வரைபடங்களும் இப்படித்தான். கோபுரத்துக்கு ஒரு வரைபட இலக்கம் உண்டு. சமையற்கூடத்துக்கும் மலசலகூடத்துக்கும் கூட இலக்கம் உண்டு. நிலத்தில் ஊன்றி நிற்பனவற்றையே வரைபடம் காட்டும். இன்று இந்த முனையிலும் நாளை அந்த முனையிலும் நிற்பதை எங்கே வரைவது? இன்னும், பல தளங்களில் இவ்வண்டிகள் அங்கங்கே உள்ள பட்டறைகளிலே அகப்பட்ட அடிச்சட்டத்தின்மேற் கட்டப்பட்டவை. ஆகையால் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஒன்றை அளந்து மற்றதை அனுமானிக்கும் வசதி ஆராய்ச்சியாளருக்கு இல்லை.

ஆகவே புகைப்படங்களே பெருந்துணை. விமானப்படையினரும் அமெரிக்கர்களும் யுத்த காலத்திலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் இங்கிலாந்து முழுவதையும் ஆகாயத்திலிருந்து படமெடுத்திருக்கிறார்கள். அவற்றின் பெருந்தொகுதி ஸ்விண்டன் நகரத்து ஆவணசாலையிற் பேணப்படுகிறது. ஓடுபாதை முனையில், இடப்பக்கமாக, சிறு புள்ளியும் அதன் நிழலும் தெரிந்தால் ஆராய்ச்சியாளரின் உள்ளம் துள்ளுகிறது. ஆனாற் புள்ளி புள்ளிதான். அது வண்டியா வைக்கோற் குவியலா என்று வாதாடலாம். தரையிலிருந்து எடுத்த படங்கள் இதனினும் பயன்படுவன. அவற்றிலும் ஒரு தொல்லை. படம் பிடித்தவர் விமானத்தையே பிடிக்க எண்ணினார். வண்டி தற்செயலாக ஓரத்தில் அரைகுறையாக அகப்பட்டிருக்கும். பின்னர் அப்படத்தைப் புத்தகத்தில் அச்சிடுவோர் அழகு கெடுகிறதென்று அந்த ஓரத்தையும் வெட்டிவிடுவர். தேடுகிறவர்கள் அச்சிட்ட படத்தை விட்டு மூலப் படத்தை நாடி ஓடுவது இதனாலேதான்.

கடைசியாக, வண்டியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பண்ணையின் பின்புறத்தில், முட்புதருக்குள், கூரை உட்குழிந்த ஒரு பெட்டி. அது யுத்த காலத்து வண்டிதானா? நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. துப்பறியும் கதைகளிலும் இவ்வளவு சுவையைக் கண்டதில்லை. முதலில் அடிச்சட்டத்தில் உற்பத்தியாளரின் தகடு உண்டா என்று பார்ப்பார்கள். அடுத்தது நிறப்பூச்சு. சிறு கத்தியால் ஓரிடத்தை மெல்லச் சுரண்டினால், வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக நிறங்கள் வெளிப்படும். மேலே கமக்காரர் பூசிய பச்சை. அதன்கீழ் ஏதோ ஒரு மண்ணிறம். அதற்கும் கீழே கறுப்பும் வெள்ளையும் நேர்கோட்டிற் சந்திக்குமானால் நல்ல சகுனம். கூரையில் வட்டமாக வெட்டி, பின்னர்ப் பலகை வைத்து அடைத்த தழும்பு இருந்தால் அங்கே குமிழ் இருந்தது என்று ஊகிக்கலாம். மின்சாரக் கம்பியின் உறையைப் பார்ப்பார்கள். றப்பர் உறையென்றால் முந்திய காலம்; பிளாஸ்திக் உறையென்றாற் பெரும்பாலும் யுத்தத்துக்குப் பிந்தியது. இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின் நேசநாடுகளுக்கு இயற்கை றப்பரை வழங்கியதிலே தலையாய பங்கு இலங்கைக்கு இருந்தது. இங்கிலாந்திலே புதருக்குட் கிடக்கும் ஒரு பெட்டியின் சில்லிலும் கம்பியிலும் நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளர் வெட்டிய பால் உறைந்து கிடக்கக்கூடும்.

இத்தனை அடையாளங்கள் பொருந்தினாலும் முடிவு சொல்ல அவசரப்படலாகாது. ஏனென்றால், யுத்தம் முடிந்தவுடன் இந்த வழக்கம் ஒழிந்துவிடவில்லை. ஜெட் விமானங்கள் வந்த பின்னரும் விமானப்படையினர் ஓடுபாதை வண்டிகளை வைத்திருந்தனர். சிவப்பும் வெள்ளையுமான கட்டங்களும் வழக்கத்துக்கு வந்தன. ஆகவே 1950ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட வண்டியொன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பூசி, யுத்த காலத்தது என்று நிறுத்துவது எளிது. பூசுகிறவர் ஏமாற்ற எண்ணாமலே பூசலாம். பத்து வருடம் கழித்து வருகிறவருக்கு அந்தப் பூச்சே சாட்சியாகிவிடும். பழைய அடிச்சட்டத்தின்மேற் புதிய பெட்டி, புதிய பெட்டியின்மேற் பழைய குமிழ் என்று கலந்து கட்டுவதும் உண்டு. அப்போது எது உண்மை வண்டி?

நூதனசாலைக்காரர் சிலர் இதற்குச் சொல்லும் சமாதானம் நமக்குச் சம்மதமில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டியது ஒரு காட்சிதானே, உண்மையோ போலியோ எவருக்குக் கவலை என்கிறார்கள். பிரதி செய்வதில் நாம் குற்றங் காணவில்லை. ஒரு மாணவன் உள்ளே ஏறி நின்று குமிழினூடாகப் பார்ப்பதற்குப் பிரதியே மேலானது; உண்மை வண்டியில் அவனை ஏறவிட மாட்டார்கள். ஆனாற் பிரதியைப் பிரதி என்று ஒரு பலகையில் எழுதி வைக்க என்ன தடை? லிங்கன்ஷயரிலே கிழக்குக் கேர்க்பி என்னும் பழைய தளத்தைப் பாருங்கள். பான்டன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர், 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் நூறன்பெர்க் நகரின்மீது நடந்த தாக்குதலில் மாண்ட தம் தமையனின் ஞாபகார்த்தமாக அத்தளத்தின் நிலத்தை வாங்கினார்கள். கோபுரத்தைப் புதுப்பித்தார்கள். லங்காஸ்டர் விமானம் ஒன்றையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த விமானம் 1945ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. ஜேர்மனியின்மீது ஒரு நாளும் பறந்ததில்லை. பிற்காலத்திற் பிரெஞ்சுக் கடற்படையிடம் சேவை செய்தது. இதனை அங்கே மறைப்பாரில்லை. மறைக்காததனால் அதன் இயந்திரங்கள் முழங்கும்போது கண்கலங்குவோர் தொகை குறைந்துவிடவும் இல்லை.

லங்காஸ்டர் விமானங்கள் 7,377 செய்யப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை உலகில் இரண்டே. அவற்றின் பிறப்பு, வளர்ப்பு எல்லாம் புத்தகம் புத்தகமாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு விடை கொடுத்த வண்டிகளைப் பற்றியோ சில பக்கங்கள் சேர்வதே பெரும்பாடு. வண்டிக்குள் நின்று விளக்குப் பிடித்தவர்களில் இன்று எவராவது உயிரோடிருந்தால் நூறு வயதைத் தொட்டிருப்பார். கேட்டறியும் காலம் கடந்துகொண்டே போகிறது. ஆகையால் தேடுவோரின் அவசரத்தை நாம் இப்போது விளங்கிக்கொள்கிறோம்.

விளக்கு மாத்திரம் ஓய்ந்துவிடவில்லை. றேடியோ பழுதுபட்ட விமானம் ஒன்று இன்று ஒரு விமான நிலையத்தை அணுகினாலும், கோபுரத்திலிருப்பவர் அதே பச்சையையும் சிவப்பையுமே காட்டவேண்டும் என்பது சர்வதேச விதி. அணையாத பச்சை தெரிந்தால் இறங்கலாம். மின்னி மின்னி அணையும் சிவப்புத் தெரிந்தாற் களம் ஆபத்தானது, இறங்கலாகாது. விமானியாக விரும்பும் மாணவன் எவனும் இவற்றைப் பாடமாகப் படித்தே ஆகவேண்டும்.

நம் நாட்டின் பழைய தளங்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் இலக்க அணி லிபறேற்றர் என்னும் நான்கு இயந்திர விமானங்களோடு 1943ஆம் ஆண்டில் சிகிரியாவிலும், 1944ஆம் ஆண்டில் காங்கேசன்துறைத் தளம் என்று அவர்கள் அழைத்த பலாலியிலும், 1945ஆம் ஆண்டில் மின்னேரியாவிலும் தங்கியிருந்தது. மின்னேரியாவிலிருந்து கிளம்பிய விமானங்கள் சிங்கப்பூர்க் கடல்வரை சென்று கண்ணிவெடிகளை இட்டு மீண்டன. போக வர இருபது மணி நேரத்துக்கு மேலாகும் பயணம் அது. இத்தளங்களிலே வேலை செய்த நம்மவர்கள் பலர். எழுதுவினைஞராக, தச்சராக, சாரதியாக, சமையற்காரராக அங்கே சம்பளம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இப்பக்கத்தை வாசிக்கிறவர்களுள் இருப்பார்கள். அவர்கள் வீட்டு அலுமாரியில், மங்கிப்போன புகைப்படம் ஒன்று இருக்கக்கூடும். பாட்டனார் காற்சட்டையணிந்து யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயோடு நிற்பார். பின்னாலே ஒரு விமானத்தின் சிறகு. ஓரத்தில் என்னவென்று தெரியாத ஏதோ ஒரு பெட்டி. அப்படத்தைப் புதிய சட்டத்துக்கு அளவாக வெட்டவேண்டாம். பின்புறத்திலே இடத்தையும் ஆண்டையும் பாட்டனார் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். மையினால் எழுதினால் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.